குளிரும் ஊரில் சுடும் வெயில்: மலையகத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஏப்ரல் சீசனில் மகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போயிருந்தோம். அவளுக்கு மூன்று வயது. ஹட்டனில் பஸ் ஏறும்போதே தூறல். கம்பளிக் குல்லா, சுவெட்டர், காலுறை எல்லாம் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனேன். கிரெகரி வாவிக் கரையில் பதினொரு மணியிலிருந்து இரண்டரை வரை அப்பாவின் தோளைவிட்டு அவள் இறங்கவில்லை. முகில் ஓடிக்கொண்டே இருந்தது, காற்று காதைக் கிள்ளியது. வெயில் என்ற நினைப்பே எங்கள் இருவருக்கும் வரவில்லை. அன்று ராத்திரி முகம் துடைக்க ஈரத்துணியை வைத்ததும் வீல் என்று கத்தினாள். குல்லா முடிகிற இடத்தில் நெற்றியில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. கோட்டுக்கு மேலே அவளுடைய நிறம். கீழே மூக்கும் கன்னமும் செம்பு நிறத்தில் தகித்தன. நாலாம் நாள் மூக்கு நுனியில் தோல் உரிந்தது.

இங்கேயே பிறந்து வளர்ந்தும் இப்படி ஏமாந்ததற்குக் காரணம் குளிர்தான். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வெயில் ஏறினால் பிள்ளையே 'சுடுது' என்று நிழலுக்கு ஓடிவிடும். இங்கே அப்படிச் சொல்ல உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை. நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். அதற்குப் பிறகு வாசித்ததும், பிள்ளையைப் பார்த்த டொக்டரிடம் கேட்டதும், என்னிடம் வரும் பிள்ளைகளில் கண்டதுமாகச் சேர்த்து, செய்கிற வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் நிழலைப் பாருங்கள்

தோலை எரிப்பது வெயிலின் சூடு என்றுதான் நினைத்திருப்போம். அந்த வேலையைச் செய்வது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்குச் சூடாகவும் தெரியாது. மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து ஊர் குளிர்கிறது; அதே மெலிந்த காற்று அந்தக் கதிரைக் கூடுதலாகக் கீழே விடுகிறது. 1,000 மீற்றர் உயரத்துக்கு 10 முதல் 12 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். வானம் ஒரே மாதிரி இருந்தால் கொழும்பைவிட நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகப் படும். முகிலையும் நம்ப முடியாது. கறுத்துக் கனத்த மழைமுகில் நிறையத் தடுக்கும். ஆனால் நம் ஊரில் பகல் முழுக்க ஓடுகிறதே வெள்ளை முகில், அதைத் தாண்டி 80 சதவீதம் வரை இறங்கிவிடும்.

ஆகவே குளிருதா, சுடுதா என்று பார்த்துப் பயனில்லை. பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லி நிழலைப் பாருங்கள். நிழல் பிள்ளையின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது, மூடிக்கொள்ள வேண்டும். நெட்டையாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. மார்ச், ஏப்ரலில் ஏறத்தாழ காலை ஒன்பதே காலிலிருந்து மாலை மூன்று மணி வரை நிழல் குட்டையாகவே இருக்கும். டிசம்பரில் அது பத்திலிருந்து இரண்டரைக்குள் சுருங்கிவிடும். முகிலால் நிழலே விழாத நாளில் இந்த நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

போனில் வானிலை பார்க்கிறவர்கள் அதிலேயே 'யூவி இன்டெக்ஸ்' என்ற, புற ஊதாக் கதிரின் பலத்தைக் காட்டும் எண்ணைப் பார்க்கலாம். 3க்கு மேல் பாதுகாப்புத் தேவை, 8க்கு மேல் நடுப்பகலில் பிள்ளையை வெளியே விடாமல் இருப்பது நல்லது. தெளிந்த வானமாக இருந்தால் நம் நாட்டில் மத்தியானம் 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

எந்த மாதம் கூடுதல் கவனம்

எனக்குக் கவலை தருவது ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். நுவரெலியாப் பக்கம் விடியலில் புல்லின் மேல் பனி உறைந்திருக்கும், பத்து மணிக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டியும் அதற்கான பயிற்சியும் இந்தக் காலத்தில்தான் வரும். சின்னப் பிள்ளைகளை அணிநடைக்காக மைதானத்தில் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். பயிற்சியை ஒன்பது மணிக்கு முன்னால் வைக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டால்தான் நடக்கும். நானே மகளுக்குச் சுட்ட பிறகுதான் என் முன்பள்ளியில் மாற்றினேன்.

ஏப்ரல் இன்னொரு மாதிரி. புத்தாண்டை ஒட்டிய அந்த நாட்களில் நடுப்பகலில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் வருகிறது. பன்னிரண்டு மணிக்கு நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், வாவிக்கரை என்று ஊரே வெளியில் நிற்பதும் அந்த நாட்களில்தான். நாங்கள் சுட்டுக்கொண்டதும் அப்போதுதான்.

சிவனொளிபாத மலைக்குப் பிள்ளையோடு போகிறவர்கள் குளிருக்கு மட்டும் ஆயத்தமாகப் போவார்கள். ஏறுவது ராத்திரி. உச்சி 2,243 மீற்றர். சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் ஒன்பது, பத்து ஆகிவிடும். தோளில் தூங்கிக்கொண்டு வரும் பிள்ளையின் பிடரியும் ஒரு பக்கக் காதும் அவ்வளவு நேரமும் வெயிலில். பையில் ஓரமுள்ள தொப்பி ஒன்றும் இருக்கட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு ஜூலை, ஓகஸ்ட்டும் சேர்த்தி: ஹட்டன் மழையில் நனையும்போது அங்கே கச்சான் காற்றடித்துக் காய்ந்துபோயிருக்கும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை

இந்த வயதில் வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிறீன் கிறீம் பூசுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தோல் மெல்லியது, உறிஞ்சிக்கொள்ளும். நிழல், துணி, தொப்பி இவ்வளவுதான். நிழலே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் மட்டும், பிள்ளைகளுக்கான சிங்க் ஒக்சைட் கிறீமைக் கன்னத்திலும் புறங்கையிலும் கொஞ்சமாகத் தொட்டு வைக்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் மத்தியானம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கும் லயத்து வீட்டுக்கும் இடையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தாய்மார்தான் அதிகம். தேயிலை இடுப்பளவு செடி, அது நிழல் தராது. சவுக்கு மரத்து நிழலிலும் பாதி வெயில் சல்லடையாக இறங்கும். பழைய கறுப்புக் குடையைத் தூக்கிப் போடாதீர்கள். அடர்த்தியான கறுப்புத் துணிக்குடை நேராக விழும் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். பக்கவாட்டில் சிதறி வருவதைத் தடுக்காது, அதனால் தொப்பியும் வேண்டும். குழந்தையின் முகத்தின் மேலே சேலைத் தலைப்பையோ கம்பளியையோ போர்த்திவிடக் கூடாது. காற்று போகாது, உள்ளே வெப்பம் ஏறிவிடும். காலை ஆறு மணிக் குளிருக்குச் சுற்றிய துணிகளைப் பதினொரு மணிக்குக் குறைத்தீர்களா என்றும் பாருங்கள். பிடரியில் கைவைத்துப் பார்த்தால் வியர்வை தெரியும்.

பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் இளவெயில் காட்டச் சொல்வது நம் வீடுகளில் பழக்கம். மஞ்சளைக் குறைப்பது ஒரு குறிப்பிட்ட நீல ஒளி. ஆஸ்பத்திரியில் விளக்கின் கீழே வைப்பது அதற்காகத்தான். வெயிலில் அந்த ஒளி எவ்வளவு படுகிறது என்று அளக்க முடியாது, துணியில்லாமல் காட்டினால் நம் குளிரில் பிள்ளையின் உடம்பு சில்லிட்டுப்போகும், நேரம் கூடினால் தோல் சுட்டுவிடும். பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ வாசலில் வெயில் தேடிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எலும்புக்கு வெயில் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் ஓடித் திரிகிற பிள்ளைக்கு அன்றாடம் கைகாலில் படுகிற வெயில் பெரும்பாலும் போதும். அதற்காக மத்தியானத்தில் உட்காரவைக்கத் தேவையில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு விற்றமின் டி சொட்டு மருந்து வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

துணியும் தொப்பியும்

காசு குறைவாக இருந்தால் கிறீமில் போடாமல் இதில் போடுங்கள். ஒரு தொப்பி இரண்டு வருடம் வரும். 50 கிராம் கிறீம் ஒரு மாதம்கூட வராது.

கம்பளிக் குல்லா குளிருக்கானது. முகத்துக்கு அது ஒரு அங்குலம்கூட நிழல் தராது. பேஸ்போல் கெப் மூக்கைக் காப்பாற்றும், காதையும் பிடரியையும் கைவிடும். சுற்றிலும் ஓரமுள்ள துணித்தொப்பிதான் சரி. ஓரம் நாலு விரல் அகலமாவது இருக்கட்டும், காற்றுக்குப் பறக்காமல் நாடியில் கட்ட நாடா இருக்கட்டும். குளிரும் வெயிலும் சேர்ந்த நாளில் மெல்லிய குல்லாவின் மேலே இதைப் போட்டுவிடுவேன். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

சட்டைத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் கதிரும் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை நாம் நினைக்கிற அளவுக்குத் தடுப்பதில்லை, நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, நிறம் கூடிய முழுக்கைச் சட்டை நல்லது. சுவெட்டரை வெயில் ஏறியதும் கழற்றத்தான் வேண்டும், ஆனால் உள்ளே கையில்லாத சட்டை போட்டிருந்தால் கழற்றிய நிமிடமே தோள் இரண்டும் வெயிலுக்கு வந்துவிடும். உள்ளே முழுக்கை, மேலே சுவெட்டர். காலையில் உடுப்பு எடுத்துவைக்கும்போதே இதை யோசிக்க வேண்டும்.

கண்ணைப் பலர் மறந்துவிடுகிறோம். பிள்ளைகளின் கண்வில்லை தெளிவானது, பெரியவர்களைவிடக் கூடுதல் கதிரை உள்ளே விடும். வயதான பிறகு வருகிற கண்புரைக்கு இதுவும் ஒரு காரணம். தொப்பி ஓரமே பாதி வேலையைச் செய்துவிடும். கண்ணாடி வாங்கினால் 'யூவி 400' என்று போட்டது வாங்குங்கள். தேர்த் திருவிழாவில் விற்கிற விளையாட்டுக் கறுப்புக் கண்ணாடி வெறும் இருட்டு; இருட்டில் கண்மணி விரிந்து இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

கிறீம் வாங்குவதும் பூசுவதும்

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, துணி மூடாத இடங்களுக்கு மட்டும் சன்ஸ்கிறீன். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். 30 என்பது தோலைச் சுடுகிற கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 ஏறத்தாழ 98. ஆகவே 50க்காக இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை, 30ஐத் தாராளமாகப் பூசினால் போதும். இரண்டாவது, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ 'பி.ஏ.' என்று போட்டுப் பக்கத்தில் மூன்று, நாலு கூட்டல் குறியோ இருக்க வேண்டும்; தோலைக் கறுக்கவைக்கிற நீண்ட கதிரையும் தடுக்கும் என்பதற்கு அது அடையாளம். மூன்றாவது, சேர்மானத்தில் சிங்க் ஒக்சைட் அல்லது டைட்டேனியம் டையொக்சைட். இவை தோலின் மேலேயே நின்று தடுக்கும், பிள்ளைகளுக்கு எரிச்சல் குறைவு. முகத்தில் கொஞ்சம் வெள்ளையாகப் பூசிய மாதிரி தெரியும். பிள்ளைக்கு அது கவலையில்லை, நமக்குத்தான். வாசனை போட்டது வேண்டாம். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும். முடிவுத் திகதி பார்க்காமல் வாங்காதீர்கள்.

முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தடிக்காமல் இருந்தால் மறுநாள் முகத்துக்கு.

அளவில்தான் எல்லாரும் பிழை விடுகிறோம். பயறளவு எடுத்து முகம் முழுக்க இழுத்தால் டியூபில் போட்டிருக்கிற எண்ணுக்கு அர்த்தமில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு முகம், காது, கழுத்து, முன்கை, கெண்டைக்கால் சேர்த்து நிறைந்த ஒரு தேக்கரண்டி வேண்டும். வீட்டை விட்டு இறங்க இருபது நிமிடத்துக்கு முன்னால் பூசுங்கள். ஜனவரிக் குளிர்காற்றில் கன்னம் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தால், முதலில் வாசனையில்லாத கிறீமை மெல்லப் பூசி ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு சன்ஸ்கிறீன். நேரே பூசினால் வெடிப்பில் எரியும், அப்புறம் டியூபைக் கண்டாலே ஓடும்.

என் மகள் ஓடிய நாட்கள் உண்டு. இப்போது நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், நாடி என்று ஐந்து பொட்டு வைப்பேன், அவள் கண்ணாடி பார்த்துத் தானே தேய்ப்பாள். பிறகு என் மூக்கில் ஒரு பொட்டு வைப்பது அவள் உரிமை. அவள் தேய்க்காமல் விடுகிற இடங்களை நான் முடிப்பேன்: காதின் மேல்விளிம்பு, பிடரி, பாதத்தின் மேல்பக்கம். இரட்டைப் பின்னல் போடுகிற பிள்ளைக்கு நடுவகிடு ஒரு வெள்ளைக் கோடாகத் திறந்து கிடக்கும், அதையும் மறக்காதீர்கள். தொப்பி போட முடியாத நாளில் வகிட்டில் விரலால் ஒரு இழுப்பு.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்; தண்ணீரில் ஆடினாலோ துவாயால் துடைத்தாலோ உடனே. தேங்காயெண்ணெய் இதற்கு ஈடாகாது. எண்ணெய் தேய்த்தால் தோல் காயாது, அவ்வளவுதான்.

கண்டியிலிருந்து பதுளைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சொல். பிள்ளை ஜன்னலோரம்தான் கேட்கும், ஜன்னலும் திறந்தேதான் இருக்கும். பல மணித்தியாலம் ஒரே கை, ஒரே கன்னம். முழுக்கைச் சட்டை போட்டு, இடையில் பக்கம் மாற்றி உட்காரவையுங்கள். கண்ணாடி மூடிய வேனிலும் நிம்மதியில்லை: தோலைச் சிவக்கவைக்கிற கதிரைக் கண்ணாடி தடுக்கும், கறுக்கவைக்கிற நீண்ட கதிரில் ஒரு பங்கு பக்கக் கண்ணாடிவழி வந்துவிடும்.

சுட்டுவிட்டால்

நம் நிறத்துக்குச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடு அடிக்கும், தொட்டால் பிள்ளை சிணுங்கும், தோல் இழுத்துப் பளபளக்கும். அன்று மாலைதான் முழுதாகத் தெரியவரும்.

உடனே நிழலுக்குள். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், பற்பசையும் எண்ணெயும் பூசாதீர்கள். சூடு தணிந்ததும் வாசனையில்லாத கிறீம், அல்லது தோல் சீவிக் கழுவிய கற்றாழைச் சோறு. அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். வலித்தால் பரசிட்டமோல் சிரப், பிள்ளையின் எடைக்கு உரிய அளவில். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சுட்டால் சின்னதாக இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள். பெரிய பிள்ளையானாலும் கொப்புளம் பரவினால், காய்ச்சல், வாந்தி, மயக்கமான தூக்கம் வந்தால், சிறுநீர் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். தோட்டத்திலிருந்து வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

'கறுத்துப் போச்சு' என்பவர்களுக்கு

மகளின் முகத்தைப் பார்த்த அம்மாயி, மூக்கு உரிந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என்னடி, புள்ளய இப்பிடி கறுக்க வச்சிட்ட? எலுமிச்சங்கா தேச்சுக் குளிப்பாட்டு" என்றார்.

பிறவி நிறம் வேறு, வெயிலில் கறுப்பது வேறு. பிறவி நிறம் பிள்ளைக்குக் கிடைத்த குடை. சிறிய குடைதான், ஆனாலும் குடை. வெயிலில் கறுப்பது, உள்ளே அடிபட்ட தோல் இன்னும் அடிபடாமலிருக்க அவசரமாகச் சாயத்தை இறக்குவது. நான் வருந்தியது அந்த அடிக்காக. நிறத்துக்காக வருந்தியிருந்தால் செய்யக்கூடாத இரண்டைச் செய்திருப்பேன்.

ஒன்று, அந்த எலுமிச்சங்காய். அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இரண்டும் சேர்ந்து தோலை வேகவைக்கும். ஓரிரு நாளில் கொப்புளம், பிறகு சாறு வழிந்த வடிவத்திலேயே மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பு. பிள்ளைகள் வெளியில் எலுமிச்சங்காய் பிழிந்து விளையாடினாலும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இரண்டு, வெள்ளையாக்கும் கிறீம். இவற்றில் பாதரசமும் டொக்டர் சீட்டில்லாமல் பாவிக்கக்கூடாத ஸ்டீரொயிட்டும் கலந்து விற்கப்படுவது உலகமெங்கும் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். பாதரசம் பிள்ளையின் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். தாய் பூசினாலும் அணைக்கும்போது பிள்ளைக்கு ஒட்டும். லேபிள் இல்லாத டப்பா எந்த உறவினர் கொடுத்தாலும் வாங்கி வைத்துவிட்டுப் பூசாமல் இருங்கள்.

வெயில் காலம் முடிந்து சில பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறிய தேமல் தெரியும். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் அது லேசான வறட்டுக் கரப்பான். சுற்றியுள்ள தோல் கறுத்ததால் அந்த இடம் எடுத்துக்காட்டுகிறது. வாஸ்லினும் வெயிலுக்கு மறைப்பும் போதும், மாதக்கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும். பால்வெள்ளையாக, எல்லை தெளிவாக இருந்தால் மட்டும் வெண்படையா என்று தோல் டொக்டரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் காக்கும் நிறமே இல்லாததால் முதலில் சுடுவது அதுதான்.

கறுத்த தோல் மாற ஒரு மாதத்துக்கு மேலாகும், மேல்தோல் புதிதாக வளர வேண்டும். தேய்த்தாலும் அதற்கு முன்னால் போகாது. மகளின் நெற்றிக் கோடு ஆறாவது வாரத்தில் காணாமல் போனது. எலுமிச்சங்காய்க்கு நான் விடாததால் அம்மாயி வாரம் இரண்டு தரம் பயத்தம் மா தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார். அதனால்தான் போனது என்று இன்றைக்கும் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.